ஓட்டின் இரவு: முட்டைக்கோழியின் ஓமோன்களும் கல்சியக் கணக்கும்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ முப்பது முட்டைகள் அடுக்கிய தட்டொன்றை வாங்கி வந்து பார்த்தால் ஒன்றிரண்டு கீறல் விட்டிருப்பது வழமை. அந்த முட்டையை மின்குமிழுக்கு முன்னால் பிடித்தால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத கீறலும் மயிரிழைபோல ஒளிவிடும். ஓடு மெலிந்தால் பண்ணையில் சொல்லப்படும் பரிகாரம் பெரும்பாலும் ஒன்றுதான்: தீனில் சுண்ணாம்புத் தூளைக் கூட்டுவது. ஓட்டின் குறையை அளவின் குறையாக மட்டும் பார்ப்பதால் வரும் பரிகாரம் இது. கோழியின் உடலில் கல்சியத்தை ஆளும் ஓமோன்களை அடியொற்றிப் பார்த்தால், 'எவ்வளவு' என்ற கேள்வியைவிட 'எப்போது' என்ற கேள்வியே முதன்மையானது என்பது தெரியவரும். இக்கட்டுரை நிறுவ முயல்வது அதையே. ஓமோன் என்றதும் நம் வீடுகளில் கோழிக்குப் போடுவதாகச் சொல்லப்படும் ஊசியைப் பற்றிய அச்சமே முதலில் எழுகிறது. இங்கு பேசப்படுபவையோ கோழி தானே சுரக்கும் ஓமோன்கள். அவை இல்லாமல் எந்த முட்டைக்கும் ஓடு இல்லை.

முதலில் கணக்கு. 60 கிராம் முட்டையின் ஓடு ஏறத்தாழ 6 கிராம். அதில் மிகப் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. ஆகவே கல்சியம் மட்டும் 2 கிராமுக்குச் சற்று மேல். கோழியின் முழு உடலிலும் உள்ள கல்சியமோ 20 கிராம் அளவே. ஒவ்வொரு முட்டையோடும் உடற்கல்சியத்தில் பத்தில் ஒரு பங்குக்கு ஈடானது வெளியேறுகிறது. ஆண்டுக்கு 300 முட்டையிடும் கோழி 600 கிராமுக்கு மேல் ஓட்டில் வைத்துவிடுகிறது. குருதியில் இதற்குக் கையிருப்பு உண்டா? முட்டையிடாத கோழியின் குருதித் திரவத்தில் 100 மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில் இருக்கும் கல்சியம், முட்டையிடும் காலத்தில் 20 முதல் 30 மில்லிகிராம் வரை உயர்கிறது. ஆனால் இந்த உயர்வின் பெரும்பகுதி, ஈஸ்திரஜனின் தூண்டலால் ஈரல் உண்டாக்கும் மஞ்சட்கருப் புரதத்தோடு பிணைந்தது. கட்டற்ற அயனாக உள்ள பங்கு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஓட்டுச்சுரப்பி மணிக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இழுக்கும் வேளையில், சுற்றோட்டத்திலுள்ள கல்சியம் முழுவதையும் எடுத்தாலும் கால் மணி நேரத்துக்குக் காணாது. குருதி கல்சியத்தைக் கொண்டுசெல்லும் வாய்க்காலே தவிர, தேக்கிவைக்கும் குளமல்ல.

அந்த வாய்க்கால் எப்போது நிரம்பி ஓட வேண்டும் என்பதில்தான் சிக்கல். காலை எட்டு மணிக்கு முட்டையிட்ட கோழியில் அடுத்த மஞ்சட்கரு அரைமணி அளவில் சூலகத்தைவிட்டு இறங்குகிறது. வெண்கருவும் சவ்வுகளும் சேர நாலைந்து மணிநேரம் போகிறது. பிறகு ஓட்டுச்சுரப்பியில் 18 முதல் 20 மணிநேரம் தங்குகிறது. முதற்சில மணிகளில் படிவு மந்தமாக இருக்கும். விரைவான படிவு பொழுதுபட்ட பின்னரே தொடங்கி விடியும்வரை நீள்கிறது. கோழி தின்னாமல் இருட்டில் கூட்டிற் குந்தியிருக்கும் நேரமும் அதுவே. பகலில் தின்றது இரவில் தேவைப்படுகிறது. இந்த இடைவெளியைக் கடப்பதற்காகவே பறவை இனம் தனியோர் ஏற்பாட்டை வளர்த்துக்கொண்டது. பெண்புறாவின் எலும்புக் குழிக்குள் முட்டைக் காலத்தில் மட்டும் புது எலும்பு முளைப்பதை 1934 இல் கைஸும் பொட்டரும் விவரித்தனர். ஈஸ்திரஜனும் ஆண்மை ஓமோன்களும் சேர்ந்தே இந்த மச்சை எலும்பை உண்டாக்குகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. வெள்ளவத்தைச் சந்தையில் கழித்துவிட்ட முட்டைக்கோழியை வாங்குபவர் அதன் தொடையெலும்பைப் பிளந்து பார்த்தால், செம்மச்சையின் நடுவே வெள்ளைச் சிம்புகள் சொரசொரப்பாக நிறைந்திருப்பதைக் காணலாம். இளம் இறைச்சிக்கோழியின் எலும்பில் அது இராது.

இரவில் குருதியின் கல்சிய அயன் குறையும்போது பராதைரொயிட் ஓமோன் சுரந்து, மச்சை எலும்பை அரிக்கும் கலங்களை ஏவுகிறது. அதே ஓமோன் சிறுநீரகத்தில் விற்றமின் டியை அதன் செயல்வடிவமாக மாற்றவும் தூண்டுகிறது. அந்த மாற்றம் சிறுநீரகத்திலேயே நிகழ்கிறது என்பதை 1970 இல் கேம்பிரிட்ஜில் பிரேசரும் கொடிசெக்கும் காட்டியபோது, கோழிக்குஞ்சின் சிறுநீரகம் அவர்களுக்கு உதவியது. விற்றமின் டி குடற்சுவரில் தோற்றுவிக்கும் கல்சியம் பிணைக்கும் புரதத்தை 1966 இல் வாசர்மனும் டெய்லரும் இனங்கண்டதும் கோழிக்குஞ்சில்தான். கதிரியக்கக் கல்சியத்தைக் கொண்டு 1949 இல் கோமரும் டிரிகர்ஸும் ஓட்டுக் கல்சியத்தின் வழியைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஓட்டின் கல்சியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தீனின் தன்மைக்கேற்பக் கூடக்குறைய, எலும்பின் வழியாகவே வருகிறது. கோழியின் நடத்தையும் இதே கடிகாரத்துக்கு இசைகிறது. கல்சியத்தைத் தனிப் பாத்திரத்தில் வைத்தால், ஓடு படியத் தொடங்கும் மாலையில் கோழி அதைக் கூடுதலாகத் தேடித் தின்பதை 1974 இல் மொன்ஜினும் சோவரும் பதிவுசெய்தனர். மாவாக அரைத்த சுண்ணாம்பு குடலை விரைந்து கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீற்றர் பருமனுள்ள சிப்பித் துண்டோ சுண்ணாம்புக்கல் துணிக்கையோ அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் சிறிதுசிறிதாகக் கரையும். ஒரே நிறைச் சுண்ணாம்பு, பருமன் வேறானால் உடலுக்கு வேறு பொருளாகிவிடுகிறது.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு நேரடியானது: கல்சியம் குறைந்தால் ஓடு மெலியும் என்பது யாவரும் அறிந்ததுதானே, சற்றுக் கூட்டுவதில் என்ன கெடுதல்? குறைபாடு இருக்கும் இடத்தில் இது முற்றிலும் சரி. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 1994 இல் வெள்ளை முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு 3.25 கிராம் கல்சியம் என்று வகுத்தது. இன்றைய பண்ணைகள் அதற்கு மேலேயே கொடுக்கின்றன. தேவையைத் தாண்டிய சுண்ணாம்பு தீனின் சுவையைக் கெடுத்து உண்ணும் அளவைக் குறைக்கிறது. குடலில் பொசுபரசைப் பிணைத்தும் விடுகிறது. இலங்கையில் இந்தப் பின்விளைவு பெரிது. நம் தீனில் அரிசித்தவிடு தாராளமாகச் சேர்கிறது. அதன் பொசுபரசின் பெரும்பங்கு கோழியால் எளிதில் பிரிக்க முடியாத பைற்றேற்று வடிவில் உள்ளது. அதை விடுவிக்கச் சேர்க்கும் நொதியத்தின் வேலையையும் மிகைக் கல்சியம் தடுக்கிறது. இரவில் எலும்பு அரிக்கப்படும்போது கல்சியத்தோடு பொசுபரசும் வெளிப்பட்டு எச்சத்தில் போய்விடுகிறது. மறுநாள் பகலில் மச்சை எலும்பைத் திரும்பக் கட்ட அந்தப் பொசுபரசு வேண்டும். ஓட்டைக் காக்கவென்று கொட்டிய சுண்ணாம்பு, அடுத்த இரவின் ஓட்டுக்கான எலும்பைக் கட்டவிடாமல் செய்யும் நிலை இது.

இரண்டாவது மறுப்பு காலநிலையைச் சார்ந்தது: கொழும்பிலும் கம்பஹாவிலும் குருநாகலிலும் ஓடு மெலிவதற்குக் காரணம் வெக்கை, ஓமோன் அல்ல என்பது. வெக்கையின் பங்கு மறுக்க முடியாதது. வியர்க்க வழியில்லாத கோழி வாய்பிளந்து மூச்சிரைக்கிறது. காபனீரொட்சைட்டை மிகையாக இழக்கிறது. குருதி காரத்தன்மை கொள்கிறது. ஓட்டின் மற்றப் பாதியான காபனேற்றுக்கு வேண்டிய மூலப்பொருள் குறைவதோடு, கல்சிய அயன்களும் புரதத்தோடு கூடுதலாகப் பிணைந்து கட்டற்ற பங்கு சுருங்குகிறது. ஓட்டுச்சுரப்பியில் காபனேற்றின் பங்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1944 இலேயே பெனெஷும் துணைவர்களும் காட்டியிருந்தனர்: காபனீரொட்சைட்டைக் கையாளும் நொதியத்தைச் சல்பா மருந்து முடக்கியதும் கோழிகள் ஓடு மெலிந்த முட்டைகளை இட்டன. ஆனால் இந்த மறுப்பு நேர வாதத்தைக் குலைக்கவில்லை, பலப்படுத்துகிறது. குளிர்நாட்டில் கோடையின் பகல் சுட்டாலும் இரவு ஆறிவிடும். கொழும்பில் இரவிலும் வெப்பம் 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது, ஈரப்பதனும் மிகுதி. ஓடு படியும் மணிகளிலேயே உடல் ஆற வழியில்லை. ஏழு பாகை வட அகலக்கோட்டில் பகல் ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணிக்கு அண்மையிலேயே நிற்பதால், பட்டினியான இரவும் நீண்டது. பகல் வெயிலில் தின்ன மறுத்த கோழிக்கு நள்ளிரவில் ஒன்றிரண்டு மணிநேரம் விளக்கேற்றித் தீன் கொடுக்கும் முறை பலன் தருவது இதனாற்றான்.

மூன்றாவது மறுப்பு ஆழமானது: ஓடு நன்றாக இருக்கும்வரை எலும்பைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? இங்கே ஓர் இரவின் கணக்கு ஒரு வாழ்நாளின் கணக்காக விரிகிறது. ஈஸ்திரஜன் உயர்ந்திருக்கும்வரை எலும்பு கட்டும் கலங்கள் மச்சை எலும்பையே கட்டுகின்றன. உடலைத் தாங்கும் புற எலும்பைப் புதுப்பிப்பதில்லை. அரிக்கும் கலங்களோ இரண்டையும் அரிக்கின்றன. இடைவிடாது முட்டையிடும்படி வளர்த்தெடுக்கப்பட்ட இனங்களில் இந்தக் கடன் மாதக்கணக்கில் ஏறுகிறது. கூண்டுக் கோழிகள் கால் தளர்ந்து விழும் நோயை 1950 களிலேயே மேலைநாட்டவர் கண்டனர். மார்பெலும்பு முறிவு இன்றும் உலகெங்கும் பண்ணைகளை வாட்டுகிறது. ஓடு கெட்டியாக இருப்பது மட்டும் கோழி நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. எலும்பை அடகு வைத்தும் கெட்டியான ஓட்டை வாங்க முடியும்.

இவை நமக்கு ஏட்டுச் செய்திகள் அல்ல. அந்நியச் செலாவணி வற்றியபோது தீன் மூலப்பொருள் அருகி, முட்டை எட்டாக்கனியானது. 2023 மார்ச்சில் இந்திய முட்டைகள் இலங்கைக்கு வந்திறங்கின. தீனுக்கான பொசுபேற்று உப்பை விலைகொடுத்து இறக்கும் நாடு நம்முடையது. 1971 இல் கண்டறியப்பட்ட எப்பாவலப் பொசுபேற்றுப் பாறையைப் புளோரீன் நீக்காமல் கோழித்தீனில் சேர்க்கவும் முடியாது. சுண்ணாம்புக்கல்லுக்கோ இங்கு பஞ்சமில்லை. யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் அது நிலமாகவே கிடக்கிறது. மலிவான சுண்ணாம்பை மிகையாகக் கொட்டி, விலையுயர்ந்த பொசுபரசை எச்சத்தோடு இழப்பது விலங்கியல் தவறு மட்டுமல்ல, பொருளியல் தவறும்கூட. சுண்ணாம்பின் ஒரு பங்கைப் பருந்துணிக்கையாக்கி மாலையில் கொடுப்பதற்குப் புது இயந்திரம் வேண்டாம். சிறு பண்ணையாளருக்கும் அது இயலும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடமும் கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமும் எடுத்துச் செய்ய வேண்டிய ஆய்வும் இதிலிருந்தே பிறக்கிறது: ஆறாத தாழ்நில இரவில், மணிக்கு மணி, கல்சிய அயனும் பராதைரொயிட் ஓமோனும் எப்படி ஏறி இறங்குகின்றன என்று அளப்பது. தீனின் தரத்தை விற்பனைத் தட்டிலுள்ள முட்டையைக் கொண்டு மட்டும் மதிப்பிடும் வழக்கமும் மாற வேண்டும். முட்டைக்காலம் முடிந்து சந்தைக்கு வரும் கோழியின் தொடையெலும்பையும் எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தியின் முதல் தட்டிலேயே அது நொறுங்குமானால், அந்தத் தீன் ஒவ்வோர் இரவும் நேரம் தவறியே வந்திருக்கிறது.