தூத்துக்குடி முத்துப்பார்கள்: குளிப்புத் தடையும் சிப்பிப் பாதுகாப்பும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்ந்த தொழிலன்று. முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் தளங்கள் ‘பார்’ எனப்படும். ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு இப்பார்களை முன்கூட்டியே ஆய்வு செய்து, மாதிரிச் சிப்பிகளின் முத்துகளை மதிப்பிட்ட பின்னரே குளிப்பை அறிவித்தது. முதிராத சிப்பிகள் நிறைந்த பார்கள் பின்னாளுக்கு ஒதுக்கப்பட்டன. வருவாய் நோக்கில் எழுந்த இந்நடைமுறை சிப்பியினத்தையும் காத்தது எனக் கருத இடமுண்டு.

ஆயினும் குளிப்பு நடந்த ஆண்டுகளை நோக்கின், இக்கருத்தை முழுமையாக ஏற்க இயலவில்லை. தூத்துக்குடியில் 1928-க்குப் பின் 1955-இல்தான் குளிப்பு மீண்டும் தொடங்கியது; 1961-உடன் அதுவும் நின்றது. அதன்பின் பல பத்தாண்டுகள் ஓய்வு கிடைத்தும், குளிப்பு நடத்தும் அளவுக்குப் பார்கள் செழிக்கவில்லை.

இதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி வளைகுடாவின் மறுகரையில் கிடைக்கிறது. 1902-இல் இலங்கைப் பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மன், ஹார்னெல் ஆகியோர் மணல் நகர்வு, சிப்பிகளின் நெரிசல், திருக்கை முதலிய மீன்களின் தாக்குதல் ஆகியவற்றை அழிவுக் காரணங்களாகச் சுட்டினர். இவற்றுள் எதையும் குளிப்புத் தடை தடுக்காது. எனவே, முத்துச்சிப்பிப் பாதுகாப்பின் வரலாற்றை அரசாணைகளின் வழி மட்டும் எழுதுவது போதாது. கடலடித் தளத்தின் மாற்றங்களும் அதில் இடம்பெற வேண்டும்.