ஊற்றியவளும் அருந்தியவளும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்தருகே வசவசமுத்திரம். 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது, கடல்கடந்து வந்த கூம்பு ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. திராட்சை மது இத்தகைய ஜாடிகளில் பயணப்பட்டது.

சுவைத்தவர் யார்? புறநானூறு 56இல் நக்கீரர், பாண்டியன் நன்மாறனுக்கான யவன மதுவைப் பாடுகிறார். பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தருகிறார்கள், அரசன் அருந்துகிறான். அவர்களும் சுவைத்தார்களா என்பது பாட்டுக்குத் தேவைப்படவில்லை.

நான் 235ஆம் பாட்டையும் சேர்த்தே வாசிக்கிறேன். மறைந்த அதியமானுக்காக ஔவையார் அழுகிறார்: கள் கொஞ்சமே இருந்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாட, தானும் அருந்தி மகிழ்வான். அதில் கூச்சமில்லை, விளக்கமில்லை. நட்பின் இழப்பு மட்டுமே.

பிற்காலத்து ஆத்திசூடி ஔவையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். கள்ளருந்திய இந்த ஔவையும் நம் முன்னோடிதான்.