நம் பிள்ளைகளின் கைவேலைக்கும் ஒரு வரலாறு உண்டு



பாடசாலையில் செயற்றிட்டம், ஒப்படை என்று கொடுக்கத் தொடங்கியதும் பெற்றோர் எங்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "இந்த வெட்டுறது ஒட்டுறது எல்லாம் எதுக்கு டீச்சர்? ஸ்கொலர்ஷிப்புக்கு வருமா?" பசறைப் பக்கத் தோட்டத்திலிருந்து வரும் அம்மாவும் கேட்கிறார். பதுளை பஸாரில் கடை வைத்திருக்கும் வாப்பாவும் கேட்கிறார். கேட்டுவிட்டு, டவுனில் செய்து வைத்திருக்கும் வெசாக் கூட்டையோ அட்டை வீட்டையோ காசு கொடுத்து வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டு நாங்கள் கோபப்படுவதில்லை. அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

நம் தோட்டங்களில் பாடசாலை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம்தான், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கத் தோட்டத்துரைமார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. சட்டம் வந்ததே தவிர, பல தோட்டங்களில் பாடசாலை என்றால் ஓர் அறை, ஓர் ஆசிரியர். எழுதவும் எண்ணவும் கொஞ்சம் பழகியதும் பிள்ளை பிரட்டுக்களத்துக்குப் போய்விடும். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுங்கியே கிடந்தன. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான்.

இந்த வரலாற்றில் வளர்ந்த குடும்பத்துக்குக் 'கை' என்றால் என்ன? கொழுந்து பறிக்கிற கை. கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கை. பேனை பிடிக்கிற கைதான் மலையிலிருந்து இறங்குகிற கை. அதனால் பாடசாலைக்குப் போன பிள்ளை மண்ணையும் மூங்கிலையும் தொட்டுக்கொண்டிருந்தால் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் அதே லயத்து வாசலில் இன்னொரு காட்சியும் இருந்தது. பழைய ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காலத்தில் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில்தான் கொழும்புக்குப் போனது. உள்ளே ஈயத்தாள் போட்டிருக்கும். 1924இல் பதுளைக்கு ரயில் வந்த பிறகு பெட்டிகள் அதில் ஏறின. உடைந்த பெட்டிப் பலகை வண்டியானது, அலுமாரியானது. ஈயத்தாள் கூத்துக்காரனின் கிரீடத்தில் மினுங்கியது. டின்பால் பேணியும் பழைய ரப்பர் செருப்பும் கிடைத்தால் ஒரு லொறி தயார். செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம், ஈர்க்கில் அச்சு. ஆடி, ஆவணியில் ஊவாவுக்கு வறண்ட காற்று வரும். நம் தேயிலைக்கு அந்தத் தனி வாசனையைக் கொடுப்பதும் அந்தக் காற்றுத்தான். பத்தனைப் புல்வெளிகளில் பட்டம் ஏறுவதும் அப்போதுதான். ஒட்டுவதற்குப் பசை கடையில் வாங்கியதில்லை. ரொட்டிக்குப் பிசைகிற கோதுமை மாவில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் காய்ச்சினால் போதும்.

மாசியில் காமன் கூத்து வரும். மன்மதனுக்கும் ரதிக்கும் உடுப்பும் முடியும் செய்வது வீட்டு வேலை. பெரியவர் வெட்ட, சின்னவர் ஒட்டுவார். வைகாசியில் அயல் சிங்கள வீட்டில் வெசாக் கூடு கட்டினால் நம் பிள்ளைகளும் மூங்கில் சீவப் போய் நிற்பார்கள். பெருநாளைக்கு முதல் கிழமை எங்கள் உம்மாமாரின் தையல் மெஷின் ஓயாது. மிஞ்சிய துண்டுத் துணியில் பொம்பிளைப் பிள்ளைகள் பாவைக்குச் சட்டை தைப்பார்கள். இதையெல்லாம் யாரும் 'கல்வி' என்று சொல்லவில்லை. ஆனால் அளப்பதும், பொறுத்திருப்பதும், பிழைத்தால் பிரித்து மறுபடி செய்வதும் அங்கேதான் படிந்தன.

இது பெரிய கல்வி என்று சொன்னவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் 1837இல் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். இன்று நாம் 'கிண்டர்கார்டன்' என்பதன் ஆரம்பம் அது. கடதாசி மடிப்பதும், பின்னுவதும், களிமண் பிசைவதும் அங்கே பாடம். பின்லாந்தில் 1866இல் பொதுப் பாடசாலைகளில் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். ஏழைப் பிள்ளைக்குத் தொழில் பழக்குவது அதன் நோக்கமாக இருக்கவில்லை. பிள்ளையின் புத்தி வளரக் கையும் வளர வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி நம் பக்கம் வருவோம். 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கை வந்த காந்தி நம் பதுளைக்கும் வந்தார். பத்து வருடம் கழித்து, 1937இல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில், பிள்ளைகள் ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களைப் படிக்க வேண்டும் என்றார். அந்தத் திட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் ஸாகிர் ஹுசைன். டில்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவைக் கட்டி வளர்த்தவர். பிள்ளைகளுக்குக் கதையும் எழுதியவர். பிற்காலத்தில் இந்தியாவின் ஜனாதிபதியானவர். ஒரு முஸ்லிம் ஆசிரியர் பிள்ளைகளின் கைவேலையை இவ்வளவு உயர்வாக வைத்தார் என்பதை நம் சமூகத்தில் பலர் அறியவில்லை.

ஆனால் அந்தத் திட்டத்துக்கும் எதிர்ப்பு வந்தது. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பாடசாலைச் செலவைப் பார்க்கலாம் என்ற யோசனை அதில் இருந்தது. அப்படியானால் அது பாடசாலையா, பட்டறையா என்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் இன்னும் மோசமாக முடிந்தது. பாதி நாள் பாடசாலை, மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரியார் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். அடுத்த வருடம் காமராஜர் முதலமைச்சர் ஆனதும் அது கைவிடப்பட்டது. தோட்டி மகன் தோட்டியாகவே இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் பதில் இருக்கவில்லை.

இலங்கையிலும் இதே கதைதான். கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1930களில் கண்டிப் பக்கம் ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கியது. விவசாயம், கைப்பணி எல்லாம் அதில் இருந்தன. அது பரவி வேரூன்றவில்லை. பிறகு 1971 இளைஞர் கிளர்ச்சி. படித்தவர்களுக்கு வேலை இல்லை என்பது நாட்டையே உலுக்கியது. 1972இல் கல்வி மறுசீரமைப்பு வந்தது. அப்போது கல்வி அமைச்சர் கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத், கம்பளை ஸாஹிராவில் அதிபராக இருந்தவர். அந்த மறுசீரமைப்பில் தொழில் முன்னிலைக் கல்வி என்ற பாடம் வந்தது. அந்தந்த ஊரில் என்ன தொழில் இருக்கிறதோ அதைப் பாடசாலைக்குள் கொண்டுவருவது நோக்கம். கடலோரத்தில் மீன்பிடி, வேறிடத்தில் மட்பாண்டம், பாய் பின்னல்.

நல்ல எண்ணம்தான். ஆனால் கருவி போதாது, பயிற்சி பெற்ற ஆசிரியர் போதாது. அதைவிடப் பெரிய தடை பெற்றோரின் மனம். "வசதியுள்ளவன் பிள்ளை டொக்டராவான், நம் பிள்ளை பாய் பின்ன வேண்டுமா?" என்று நினைத்தார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் அந்தப் பாடம் போய்விட்டது. 1980களில் 'வாழ்க்கைத் திறன்' வந்தது. 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்வி மறுசீரமைப்பு விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றையும் ஒன்றாக வைத்தது. இன்று ஆறாம் தரத்துக்கு மேல் செயன்முறைத் தொழினுட்பத் திறன் என்ற பாடமும் இருக்கிறது. ஆக, பாடத்திட்டத்தில் கைவேலை இருக்கிறது. வீட்டில்தான் அதற்கு மரியாதை குறைந்துவிட்டது.

இவ்வளவு வரலாற்றிலும் நாங்கள் காண்பது ஒன்றுதான். கைவேலையை 'ஏழைப் பிள்ளையின் எதிர்காலத் தொழில்' என்று கொடுத்த இடங்களில் மக்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். தள்ளியது சரி. 'எல்லாப் பிள்ளைகளின் வளர்ச்சி' என்று கொடுத்த இடங்களில் அது நிலைத்தது. பின்லாந்தில் இன்றும் கைவேலை ஒரு பாடம்தான்.

ஆகவே பெற்றோரே, கூலிவேலையின் கசப்பைப் பிள்ளையின் கைவேலை மேல் போடாதீர்கள். பேணி லொறி செய்த பிள்ளை லொறி சாரதியாகத்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சக்கரம் ஏன் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று யோசித்த பிள்ளை பொறியியலாளராகவும் வரலாம். பட்டத்தின் வாலை எவ்வளவு நீளமாக விடுவது என்று நாலு தரம் முயன்ற பிள்ளைக்கு, கணக்கு முதல் தரத்தில் வராவிட்டால் மறுபடி போட்டுப் பார்க்கும் பழக்கம் இருக்கும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். நம் மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் சிக்னல் தேடிப் பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டு மேட்டில் ஏறியதை உலகச் செய்திகளே காட்டின. போன் இல்லாத தோட்டத்து வீடுகள் எத்தனையோ. அந்த மாதங்களில் பல லயங்களில் பழைய விளையாட்டுச் சாமான்கள் திரும்பி வந்தன. 2022இல் கடதாசி விலை ஏறியபோது கடைச் சாமான் வாங்க முடியாத வீடுகள் பழைய பத்திரிகையிலும் சீமெந்துப் பேக்கிலும் ஒப்படை செய்து அனுப்பின. அவற்றில் பிள்ளையின் கை தெரிந்தது.

ஆசிரியர்களாக உங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை.

கிழமையில் ஒரு நாள், ஞாயிறு பின்நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அரை மணித்தியாலம் போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள். களிமண், ஈர்க்கு, பழைய கடதாசி, மாப்பசை போதும். கடைக்குப் போகத் தேவையில்லை.

என்ன செய்வது என்பதைப் பிள்ளை சொல்லட்டும். நீங்கள் கத்தி பிடிக்கிற இடத்தில் மட்டும் உதவுங்கள். "இப்படி இல்ல, தா நான் செய்றேன்" என்று வாங்கிவிடாதீர்கள். கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

ஆண் பிள்ளை ஊசி பிடிக்கட்டும், பெண் பிள்ளை சுத்தியல் பிடிக்கட்டும்.

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள். கொழுந்துக் கூடை பின்னத் தெரிந்த தாத்தா, தொப்பி பின்னத் தெரிந்த உம்மம்மா, பூ கட்டத் தெரிந்த அப்பாயி. அவர்களின் கையில் இருப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நைலோன் பை வந்து கூடையை ஓரங்கட்டிவிட்டது. தெரிந்தவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இருக்காது.

செய்ததை வீட்டில் நாலு பேர் பார்க்கும் இடத்தில் வையுங்கள். புள்ளியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கடையில் வாங்கிய அழகான கூட்டை விட, ஒரு பக்கம் சாய்ந்த கூட்டுக்கே எங்கள் வகுப்பில் கூடுதல் புள்ளி.

ஐந்தாம் தரப் பரீட்சை முக்கியம்தான், நாங்களும் அதற்குத்தான் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறோம். ஆனால் அந்தப் பரீட்சை ஒரு நாளில் முடிந்துவிடும். கை பழகிய பொறுமை ஆயுள் முழுக்க இருக்கும்.

உங்கள் வீட்டில் சின்ன வயதில் யார், என்ன செய்து தந்தார்கள்? பட்டமா, பேணி லொறியா, துணிப் பாவையா? எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று சேர்த்து எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம். பிறகு அவர்களே செய்து பார்ப்பார்கள்.