வெறுங்காலோடு இலண்டன் சென்றவர்கள்

வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை முதலிய நம் எல்லைச் சிற்றூர்களில் மாலைப் பொழுதிற் பந்தாடும் சிறுவர்தம் வாயில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். பந்துக்கு மொழி வேற்றுமை இல்லை. இதற்குச் சான்று பகரும் வரலாறு ஒன்றை இவ்வாண்டு விழா மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

1948ஆம் ஆண்டு, பாரதம் விடுதலை பெற்று ஓராண்டும் நிறையாத காலம். இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்துக்கு நம் நாட்டுக் கால்பந்துக் குழு கடல் கடந்து சென்றது. நாகர் மலைநாட்டுத் தாலிமெரன் ஆவோ அதன் தலைவர். வங்கத்துச் சைலன் மன்னா, பெங்களூர் அகமது கான், திருவல்லா பாப்பன் எனப் புகழ்பெற்ற வர்கீஸ், மைசூர்ச் சாரங்கபாணி இராமன் ஆகியோர் அக்குழுவில் இடம்பெற்றனர். சாரங்கபாணி என்னும் பெயரைக் கேட்டதும் குடந்தைக் கோயில் நம் நினைவுக்கு வாராதிருக்குமோ!

ஜூலை 31ஆம் நாள், இல்பர்டு நகரில் பிரான்சு நாட்டை நம்மவர் எதிர்த்தனர். எதிரிகள் அனைவரும் பூட்ஸ் அணிந்திருக்க, நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலினர். முதற் கோலைப் பிரான்சு போட்டது. 70ஆம் நிமிடத்தில் இராமன் கோல் போட்டுச் சமன் செய்தார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்துக் கோல் அதுவே. ஆயினும், கிடைத்த இரு தண்ட உதைகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மீண்டும் ஒரு கோல் போட்டு 2–1 என வென்றது.

1952இல் ஹெல்சிங்கி நகரில் யுகோஸ்லாவியாவிடம் 10–1 என்னும் பெருந்தோல்வி நேர்ந்தது. அதன் பின்னரே பூட்ஸ் கட்டாயமாயிற்று. வெறுங்காலில் பழகியோர் அதனை வெறுத்து ஒதுக்கினாரல்லர், பயின்றனர். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றனர். 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை வென்று ஆசியப் பொற்பதக்கம் கொணர்ந்தனர். அக்குழுவில் இரிஞ்ஞாலக்குடைச் சந்திரசேகரனும் இருந்தார்.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. வாழவந்த நாட்டின் மொழியை நம் மக்கள் செவ்வனே கற்கட்டும். அதனால் தாய்மொழிக்குக் குறைவு வாராது. பூட்ஸ் அணியக் கற்றவர் தம் காலை இழந்துவிடவில்லை. ஆனால், நடவாத கால் மரத்துப்போகும்; வீட்டிற் பேசாத தமிழும் அவ்வாறே. ஆதலின், பெற்றோரே, இல்லந்தோறும் தமிழ் ஒலிக்கச் செய்வீர்!