குடியை வென்றோர் கூட்டம்

மதுவுக்கு அடிமைப்பட்டோரை மீட்கும் வழி யாதென வினவின், தண்டனை என்பர் சிலர். மருந்து என்பர் சிலர். அறவுரை என்பர் பலர். இம்மூன்றினும் வேறானதொரு வழி, 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில் பிறந்த வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

நியூயார்க் பங்கு வணிகர் பில் வில்சன், குடியை விட்டு ஐந்து திங்களே ஆகியிருந்தன. ஆக்ரனில் எடுத்த காரியம் தோல்வியுற, மே மாதத்தில் ஒருநாள் ஓட்டலில் தனித்து நின்றார். ஒருபுறம் மதுச்சாலை, மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை நாடினார். பாதிரிமாரை அழைத்து, தம்மைப்போல் குடியால் வருந்தும் ஒருவரைக் காட்டுமாறு வேண்டினார். ஹென்ரியெட்டா சைபர்லிங் அம்மையார் வாயிலாக, ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைக் கண்டார்.

கால் மணி நேரமே இருப்பேன் என்று வந்த மருத்துவர், பல மணி நேரம் கழித்தே எழுந்தார். காரணம் என்னை? மதுவின் கேட்டை அவர் அறியாதவரல்லர். பட்டறிந்த ஒருவர் வாயால் கேட்டது அதுவே முதன்முறை. இடையில் ஒருமுறை வழுவிய ஸ்மித், ஜூன் 10-இல் இறுதியாகக் குடித்தார். அந்நாளே சங்கத்தின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. பின்னர் இருவரும் மருத்துவமனை சென்று மூன்றாமவரைத் தேடினர். 1939-இல் வெளியிட்ட நூலின் பெயரே சங்கத்தின் பெயராயிற்று: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியை நிறுத்தும் விருப்பமொன்றே அதில் சேரத் தகுதி, கட்டணம் இல்லை.

தோழர்களே! இகழ்ச்சி குடியனைக் குடிக்கே துரத்தும். நம் லயத்திலோ தெருவிலோ அத்தகையோன் உளனாயின், அக்கூட்டத்தின் வாயில்வரை உடன் செல்வதே நம் கடன்.