பாக்ஸ் வேண்டாம் என்று சொன்ன சென்னை

2003 செப்டம்பர் 1. காலடிப்பேட்டையில் எங்க வீட்டு டிவியில் ஸ்போர்ட்ஸ் சேனல்கள் காணாமல் போன நாள். அப்பா ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "கேபிள்காரர்கிட்ட கேளுடா" என்றார். பழுது ஒண்ணும் இல்லை. அன்றுதான் சென்னையில் 'கேஸ்' என்கிற கண்டிஷனல் ஆக்சஸ் சிஸ்டம் நடைமுறைக்கு வந்தது.

கட்டணச் சேனல்களுக்கு அதற்கு முன்பும் பூட்டு இருந்தது. ஆனால் அது நம் வீட்டில் இல்லை. சாட்டிலைட்டிலிருந்து சங்கேதமாக இறங்கும் சிக்னலை, கேபிள் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் டீகோடர் திறந்து, சாதாரண அனலாக் சிக்னலாகத் தெருவுக்கு அனுப்பிவிடும். அங்கே ஒரு கார்டு போட்டால் ஊரே பார்க்கலாம். எத்தனை வீடு பார்க்கிறது என்பது சேனல்காரருக்குச் சரியாகத் தெரியாது. சண்டையே அந்தக் கணக்கில்தான்.

கேபிள் டிவி சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தம் பூட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தது. செட்டாப் பாக்ஸ், அதற்குள் ஒரு கார்டு. படத்தைத் திறக்கும் சாவி சில வினாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். பணம் கட்டியவர் கார்டுதான் புதுச் சாவியை எடுக்க முடியும்.

டெல்லி, மும்பை, கொல்கத்தாவுக்கும் சேர்த்துப் போட்ட திட்டம் இது. அங்கெல்லாம் 2004-ல் நிறுத்திவைத்தார்கள். 2006 டிசம்பர் 31-ல்தான், அதுவும் சில பகுதிகளில் மட்டும், வந்தது. அதுவரை சென்னை தனியாகவே ஓட்டியது.

ஆனால் இங்கே பெரும்பாலான வீடுகள் பாக்ஸ் வாங்கவில்லை. காரணம் எளிது. இலவசச் சேனல்கள் பாக்ஸ் இல்லாமலே வந்தன; அதற்கு அரசு வைத்த உச்சவரம்பு மாதம் 72 ரூபாய், வரி தனி. "தமிழ் சேனல் வருதுல்ல, போதும்" என்று அப்பா முடித்துவிட்டார். எங்க தெருவில் பல வீட்டிலும் இதே பதில்தான்.

2011 திருத்தம் அந்த வாசலை அடைத்தது. எந்தச் சேனலானாலும் டிஜிட்டலாக, சங்கேதமாகத்தான் அனுப்ப வேண்டும் என்றது சட்டம். அரசு கேபிளுக்கு 2017-ல் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. பாக்ஸை இலவசமாகவே கொடுத்தார்கள்.

சேனல்காரரின் கணக்கு இப்போது சரியாகிவிட்டது, நியாயம்தான். ஆனால் கேபிளில் இலவசச் சேனல் பார்க்கக்கூட பாக்ஸ் வேணும். 2003-ல் அப்பா சொன்ன "போதும்" என்ற வார்த்தையை இன்னைக்குச் சொன்னால், டிவியில் ஒண்ணுமே வராது.