பொருள்களில் இரும்புக் கனிமங்கள்

புவியோட்டில் எடை அளவில் ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியம் ஆகியவற்றுக்கு அடுத்து மிகுதியாக உள்ள தனிமம் இரும்பு. அதன் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடு. தாதுப் படிவுகளாகத் திரண்டிருப்பதைவிட மண்ணிலும் மணலிலும் பாறையிலும் விரவிக் கிடப்பதே அதிகம். ஆகவே மண்ணையும் மணலையும் மூலமாகக் கொண்ட செங்கல், மட்கலம், கண்ணாடி, சிமெண்ட் ஆகியவற்றில் இரும்பு அறவே இல்லாத பொருளைக் காண்பது அரிது. இவற்றின் நிறம் இரும்பின் அளவை மட்டும் பொறுத்ததன்று. இரும்பு எந்த ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது, உடன் என்ன கனிமங்கள் உள்ளன, எவ்வகைத் தீயில் பொருள் சுடப்பட்டது என்பவையும் சேர்ந்தே நிறத்தை முடிவு செய்கின்றன.

கனிம வகைகள்

இரும்புக் கனிமங்களில் ஆக்சைடுகளே முதன்மையானவை. ஹேமடைட்டில் 70 விழுக்காடும் மேக்னடைட்டில் 72 விழுக்காடும் இரும்பு உண்டு. ஹேமடைட் கட்டி கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தாலும், பொடித்தால் அல்லது மெருகிடாத பீங்கானில் உரசினால் செந்நிறம் காட்டும். மேக்னடைட் கருங்கோடு இடும், காந்தத்தில் ஒட்டும். நீர் சேர்ந்த ஆக்சைடான கோதைட் மஞ்சள், பழுப்பு நிறங்களைத் தரும். லிமோனைட் என்பது ஒரே கனிமம் அன்று. கோதைட் முதலியவற்றின் கலவை. சிடரைட் கார்பனேட் வகையையும் பைரைட் சல்ஃபைடு வகையையும் சேர்ந்தவை. டைட்டானியமும் இரும்பும் இணைந்த இல்மனைட், மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரைகளில் கார்னெட், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றுடன் கருமணலாகக் கிடைக்கிறது. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் மேக்னடைட், குவார்ட்சுடன் அடுக்கடுக்காக அமைந்துள்ளது.

பொதுவாக ஆக்சிஜனேற்றம் மிகுந்த ஃபெர்ரிக் நிலை இரும்பு சிவப்பு, மஞ்சள், பழுப்பு நிறங்களையும், அது குறைந்த ஃபெர்ரஸ் நிலை இரும்பு பச்சை, நீலம் கலந்த சாயலையும் தரும். இரு நிலைகளும் ஒருங்கே அமைந்த மேக்னடைட் கருமையானது.

மண்ணும் கல்லும்

மிகுமழையும் வெப்பமும் உள்ள நிலங்களில் பாறை சிதையும்போது சிலிக்காவும் கரையும் உப்புகளும் நீரோடு போய்விட, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் எஞ்சுகின்றன. இவ்வாறு உருவாவது செம்புறாங்கல். பிரான்சிஸ் புக்கானன் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இதைக் கண்டு, 1807இல் வெளியிட்ட பயண நூலில் 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். தரையிலிருந்து வெட்டும்போது மென்மையாக இருக்கும் இக்கல், காற்றுப்பட்டு உலர்ந்தபின் இறுகுகிறது. கேரள வீடுகளிலும், கம்போடியாவின் அங்கோர் கோயில்களின் அடித்தளங்களிலும் மதில்களிலும் இது பயன்பட்டது.

தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிகள் எனப்படும் மணல்மேடுகளின் செம்மை, மணல் துகள்களின்மேல் படிந்த மெல்லிய ஹேமடைட் பூச்சால் வந்தது. யாழ்ப்பாணத்துச் செம்மண், சுண்ணக்கல்லின்மீது இரும்பு ஆக்சைடு தங்கி உருவானது.

சுட்ட மண்

களிமண்ணைச் சுடும் கலையின் வரலாற்றைச் சூளையில் இரும்பை ஆளக் கற்ற வரலாறாகவும் கொள்ளலாம். காற்று தாராளமாகப் புகும் சூளையில் களிமண்ணின் இரும்பு ஹேமடைட்டாக மாறுவதால் செங்கலும் ஓடும் சிவக்கின்றன. சுண்ணாம்பு மிகுந்த களிமண்ணில் இரும்பின் பெரும்பகுதி கால்சியம் சிலிகேட்டுகளுக்குள் சென்றுவிடுவதால் செங்கல் வெளிர்மஞ்சளாகிறது. காற்றைக் கட்டுப்படுத்தி உயர்வெப்பத்தில் சுட்டால் இரும்பு ஆக்சிஜனை இழந்து ஒடுங்கி நீலக்கருமை தோன்றும். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் நீலச் செங்கல் அவ்வகையது. சுடும் நேரம் போதாதபோது செங்கலின் நடுவே கருமை தங்குவது, உள்ளிருந்த கரிமப் பொருள் எரிந்து முடியாததைக் காட்டும்.

ஒரே கலத்தில் இரு நிறங்களை வரவழைத்த பழந்தொழிலுக்குச் சிறந்த சான்று கருப்பு சிவப்பு மட்கலம். ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் இது ஏராளமாகக் கிடைத்துள்ளது. கலத்தின் வாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, உமி, வைக்கோல் போன்றவற்றில் பதித்துச் சுடுவர். காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கரிப்படிவாலும் இரும்பு ஒடுங்குவதாலும் கறுக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கும். எகிப்தின் அரச மரபுகளுக்கு முற்பட்ட காலத்தில் செய்யப்பட்ட, வாய்ப்பகுதி கறுத்த செங்கலங்களும் இவ்வகையினவே.

கிரேக்கத்தின் ஆட்டிகாவில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இத்தொழில் மேலும் நுட்பம் பெற்றது. அங்கு கரும்பூச்சுக்கெனத் தனி நிறமி சேர்க்கப்படவில்லை. கலத்துக்கான களிமண்ணையே நீரில் கலக்கித் தெளியவைத்து எடுத்த மிக நுண்ணிய குழம்பால் உருவங்கள் தீட்டப்பட்டன. பின் கலம் ஒரே சூளையில் மூன்று கட்டங்களாகச் சுடப்பட்டது. முதற்கட்டத்தில் காற்று விடப்பட்டுக் கலம் முழுதும் சிவந்தது. இரண்டாவதில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் காற்று அடைக்கப்பட்டு, பச்சை விறகின் புகையில் முழுதும் கறுத்தது. அப்போது நுண்குழம்பு பூசிய பகுதி மட்டும் உருகிக் கண்ணாடித்தன்மை பெற்றது. மூன்றாவதில் மீண்டும் காற்று விடப்பட, துளைகள் உள்ள மண்பகுதி ஆக்சிஜனை ஏற்றுச் சிவப்புக்குத் திரும்பியது. மூடுண்ட பூச்சு கருமையாகவே நின்றது. இந்நுட்பத்தை ஜெர்மானியரான தியோடர் ஷூமான் 1942இல் விளக்கிக் காட்டினார்.

சீனக் குயவர்கள் மெருகுப்பூச்சில் 1 முதல் 3 விழுக்காடு இரும்பு ஆக்சைடு வைத்து, ஒடுக்கும் தீயில் சுட்டுச் செலடான் என்னும் பசுங்கலத்தை உருவாக்கினர். அளவை 5 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தியபோது கரும்பழுப்பு மெருகு கிடைத்தது. வெண்பீங்கானுக்கோ இரும்பு மிகக் குறைந்த கயோலின் தேவைப்பட்டது.

கண்ணாடியும் சிமெண்டும்

சன்னல் கண்ணாடியின் விளிம்பில் தெரியும் பச்சை, மணலோடு வந்த இரும்பால் ஏற்படுவது. சாதாரணக் கண்ணாடியில் அது 0.1 விழுக்காட்டளவே இருந்தாலும் தடிமனில் புலப்படுகிறது. பச்சையை அகற்ற மாங்கனீசு டை ஆக்சைடு சேர்ப்பது பழைய வழக்கம். அது ஃபெர்ரஸ் இரும்பை ஃபெர்ரிக் நிலைக்கு மாற்றி, எஞ்சிய சாயலைத் தன் ஊதாவால் ஈடுசெய்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்தால் மருந்துக் குப்பிகளுக்குரிய பழுப்புக் கண்ணாடி கிடைக்கும். அது புறஊதாக் கதிர்களைத் தடுக்கிறது.

போர்ட்லண்ட் சிமெண்டின் சாம்பல் நிறத்துக்கும் பெரும்பாலும் இரும்பே காரணம். ஏறத்தாழ 1450 பாகை வெப்பமுள்ள சூளையில் இரும்பு ஆக்சைடு இளக்கியாகச் செயல்பட்டு, கால்சியம், அலுமினியத்துடன் இணைந்து ஒரு தனிக்கூறாக அமைகிறது. வெள்ளைச் சிமெண்டுக்கு இரும்பு மிகக் குறைந்த மூலப்பொருள்களே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இளக்கி குறைவதால் எரிபொருள் செலவு கூடுகிறது.

நிறமிகளும் மையும்

இரும்பு ஆக்சைடு கலந்த மண்ணான காவி, மனிதர் கையாண்ட மிகப் பழைய நிறமிகளுள் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில், காவியை அரைத்துக் கலந்து வைத்திருந்த கடற்சிப்பிகள் ஏறத்தாழ 1,00,000 ஆண்டுப் பழமையுடையவை. மஞ்சள் காவியைச் சூடாக்கினால் நீர் நீங்கிச் சிவக்கும். மாங்கனீசு கலந்த காவி 'அம்பர்' எனப்படும் அடர்பழுப்பு நிறமியாகிறது. தமிழகத்தில் கோலத்தின் ஓரத்தில் இழுக்கும் செங்கோடும் காவி மண்ணால் ஆனதே.

அன்னபேதி எனப்படும் ஃபெர்ரஸ் சல்ஃபேட்டைக் கடுக்காய்ச் சாற்றோடு கலந்தால் கிடைக்கும் மை, காற்றுப்பட்டுக் கறுத்துத் தாளில் அழியாமல் நிற்கும். காளஹஸ்திக் கலம்காரித் துணிகளின் கருங்கோடுகளுக்கு இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் ஊறப்போட்டு எடுத்த சாறு உதவுகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பிரஷ்ய நீலமும் இரும்புச் சேர்மமே.

மணிக்கற்கள்

செவ்வந்திக்கல்லின் ஊதாவுக்குக் காரணம் குவார்ட்சில் உள்ள சிறிதளவு இரும்பும் இயற்கைக் கதிர்வீச்சும். சூடாக்கினால் பெரும்பாலும் மஞ்சளாகும். நீலக்கல்லில் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து நீலம் தருகின்றன. இலங்கையில் கிடைக்கும் பால்வெண்மையான 'கெவுடா' கற்கள், ஆக்சிஜன் குறைந்த உலையில் 1500 பாகைக்கு மேல் சூடேற்றப்பட்டு நீலமாக்கப்படுகின்றன. மாணிக்கத்தின் சிவப்பும் மரகதத்தின் பச்சையும் குரோமியத்தைச் சார்ந்தவை.

இன்றைய நிலை

இரும்பு ஆக்சைடு நிறமிகள் இன்று பெருமளவு தொழிற்சாலைகளில் செயற்கையாகவே தயாராகின்றன. வண்ணப்பூச்சு, சிமெண்டுத் தரை, ஓடு ஆகியவற்றில் சேர்கின்றன. சூரியத் தகடுகளுக்கு இரும்பு குறைந்த கண்ணாடியும், மின்னணுக் கருவிகளுக்கு ஃபெரைட்டுகள் எனப்படும் இரும்பு ஆக்சைடுச் சேர்மங்களும் பயன்படுகின்றன.